ஏழாம் நம்பர் எல்போ

கடல் மேடை
மே 6

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுகிறேன். இங்கே முதுகுவலி தவிர எல்லாம் சுகம். அங்கே நீயும் உன் அக்காவும் மகள் வாலுவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

முந்தாநாள் ஹெலிகாப்டர் இறக்கைக்குக் கீழே குனிந்து ஓடும்போது உன் முகத்தைப் பார்த்ததுதான். நாலு வருடமாக ஒரே கட்டிலில் படுக்கிறோம், ஒரே லாக்கரில் சட்டை வைக்கிறோம், ஒரே மேஜையில் கணக்குப் போடுகிறோம். கரைக்கு வந்தால் ஒரே வீட்டில் சாப்பிடுகிறோம். ஆனால் நீ ஏறும்போது நான் இறங்க வேண்டும், நான் ஏறும்போது நீ இறங்க வேண்டும். ரேடியோ நேற்றுக் கேட்டான்: "பெரிய சார், நீங்களும் சின்ன சாரும் நெசமாவே ரெண்டு பேரா? இல்ல ஒரே ஆளு சட்டைய மாத்திக்கிட்டு வர்றீங்களா?" வெல்டர் வேலைக்கு வந்த ஆளை வானொலி நிலையத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். முகமூடிக்குள்ளேயும் வாய் ஓயவில்லை.

நம் மேனேஜர் காலண்டர் வழக்கம்போல. எதைச் சொன்னாலும் "எந்தத் தேதிக்குள்ள?" என்பதுதான் பேச்சு. கேஸ் லைன் நிற்காமல் ஓடிய நாட்கள் என்று சாப்பாட்டு அறையில் பலகை வைத்திருக்கிறாரே, இன்று 443. ஐந்நூறு தொட்டதும் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவார்களாம். இன்னொரு சேதி. கரை வேலைக்கு என் பெயரை எழுதியிருக்கிறாராம். உன் அக்காவிடம் இப்போது சொல்லாதே, கண் பட்டுவிடும்.

நீ கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போன வெற்று மறுஅளவு ஃபாரங்கள் ஆறும் இரண்டாவது டிராயரில் இருக்கின்றன. போகும்போது நானும் ஆறு போட்டு வைக்கிறேன். ஒருவன் அளந்த குழாயின் கனத்தை அடுத்தவன் வந்த மூன்று நாளில் திரும்ப அளந்து கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் போட்டவனுக்கு, அத்தானும் மச்சானும் ஒரே வேலையில் இருப்பார்கள் என்று தெரியாது.

போன் இருக்கிறதே, ஏன் கடிதம் என்று உன் அக்கா கேட்டால் சொல்: போன் காலண்டர் அறையில் இருக்கிறது, ஆளுக்கு மூன்று நிமிடம், சுற்றிலும் பத்துக் காது.

ஆசிகளுடன்,
அத்தான்


கடல் மேடை
மே 14

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் நலம்தானே. அவசரமாக எழுதுகிறேன், பதினொரு மணி ஹெலிகாப்டரில் தபால் பை போகிறது.

காலையில் தெற்குப் படிக்கட்டுக்கு அடியில் ஏழாம் நம்பர் எல்போவை அளந்தேன். கேஸ் லைன் திரும்புகிற இடம் அது, உனக்குத் தெரியும். ஒன்பது மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டிய குழாய்ச் சுவர் மூன்று புள்ளி இரண்டுதான் இருக்கிறது. உள்ளே மணல் தின்றுவிட்டது. நம்பாமல் நாலு தடவை வைத்துப் பார்த்தேன். மீட்டரையும் டெஸ்ட் கட்டையில் வைத்துச் சரிபார்த்துவிட்டேன், மீட்டரில் கோளாறில்லை. இந்தப் படிக்கட்டில்தான் எல்லோரும் ஏறி இறங்குகிறோம்.

லைனை நிறுத்தியே ஆக வேண்டும். சாயங்காலம் காலண்டரிடம் சொல்லப் போகிறேன். பலகையில் 451. அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும்!

ஆசிகளுடன்,
அத்தான்


வீடு
மே 20

அன்புள்ள அத்தானுக்கு,

மச்சான் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள் அக்கா. கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள், ரேடியோவா என்று கேட்டேன், அடிக்க வந்தாள்.

வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள், அப்பா வந்து பார்த்த பிறகுதான் தூக்கிப் போட வேண்டுமாம். தபால் தலை சேர்க்கும் பைத்தியம் வேறு பிடித்திருக்கிறது.

ஏழாம் நம்பர் என்ன ஆயிற்று? லைனை நிறுத்தினார்களா? காலண்டர் மயங்கி விழுந்தாரா? அடுத்த கடிதம் வரும் என்று தபால்காரர் வரும் வழியைப் பார்த்தே கழுத்து வலிக்கிறது. பதினேழாம் தேதி அக்காவுக்கு மட்டும் தனியாக ஒன்று வந்தது. படித்தவள் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். இரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லை. என்ன எழுதித் தொலைத்தீர்கள்? சண்டை என்றால் சொல்லுங்கள், நான் சமாதானம் செய்து வைக்கிறேன். கூலி, உங்கள் புது பூட்ஸ்.

அன்பு மச்சான்


கடல் மேடை
மே 27

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். அனைவரின் நலம் பற்றியும் எழுதியது கண்டு சந்தோஷம். வாலுவின் பல்லைப் பத்திரமாக வைக்கச் சொல்.

இங்கே காற்று அதிகம். லாக்கர் கைப்பிடி மறுபடியும் கழன்றுவிட்டது, கம்பி கட்டி வைத்திருக்கிறேன், சாவியை மேலே தூக்கித் திருப்பினால் திறக்கும். கட்டில் விரிப்பு புதிதாகக் கொடுத்தார்கள். டீ மட்டும் அதே கழுவின தண்ணீர். காலண்டர் நல்ல மனநிலையில் இருக்கிறார். பலகை ஐந்நூறைத் தொட்டால் செப்டம்பரில் எனக்குக் கரை வேலை உறுதி என்று கையைப் பிடித்துச் சொன்னார். வாலு பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் நான் வீட்டில் இருந்து பார்த்ததே இல்லை, மச்சான். இனிப் பார்க்கலாம்.

ஏழாம் நம்பர் ஒன்றுமில்லை. மீட்டரில் பாட்டரி போதவில்லை. மறுபடி அளந்தேன், ஆறு புள்ளி ஒன்று இருக்கிறது. சுற்றிக் கட்டிப் பெயிண்ட்டும் அடித்தாயிற்று, அதைப் பிரித்துக்கொண்டு இருக்காதே. உன் மறுஅளவையும் நானே முடித்துவிட்டேன். உன் ஃபாரம் ஒன்றில் எழுதி, ஜூன் 3 என்று தேதி போட்டு ஃபைலில் வைத்தாயிற்று. நீ அந்த வெயிலில் ஏறி இறங்க வேண்டாம்.

ஆசிகளுடன்,
அத்தான்


கடல் மேடை
ஜூன் 4

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருப்பீர்கள். முதுகு எப்படி?

என் வெயிலை மிச்சப்படுத்தியதற்கு நன்றி. கூடப் பிறந்த அண்ணன் இருந்தால்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டான். ஃபைலைத் திறந்து பார்த்தேன். என் கையெழுத்தும் உங்கள் எண்களும் பக்கத்தில் பக்கத்தில் ஜோடியாக உட்கார்ந்திருந்தன.

அக்காவிடம் ஒன்று கேளுங்கள். ஹெலிகாப்டர் நிலையத்துக்குக் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க தெற்குப் படிக்கட்டுப் பக்கம் ரொம்ப நிக்காதடா" என்றாள். வழக்கமாக நேரத்துக்குச் சாப்பிடு என்பாள். நம் மேடையில் தெற்குப் படிக்கட்டு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் தூக்கத்தில் உளறுகிறீர்களா? சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

வாலுவுக்கு முத்தம்.

அன்பு மச்சான்


கடல் மேடை
ஜூன் 21

அத்தானுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

முந்தாநாள் காலை பத்தே கால் மணிக்கு ஏழாம் நம்பர் வெடித்துவிட்டது. தெற்குப் படிக்கட்டின் கைப்பிடியில் ஒரு போல்ட் ஆடுகிறது என்று ரேடியோ அதை முடுக்கிக்கொண்டிருந்தான். வழக்கமாக நான் பக்கத்தில் நின்று அவன் வாயைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அன்றைக்கு, அக்கா சொன்னாளே என்று விளையாட்டாகப் பத்தடி தள்ளி நின்றேன். "என்ன சார், தூரமா நிக்கிறீங்க, நான் குளிக்கலன்னு தெரிஞ்சு போச்சா?" என்று கேட்டான். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் கேஸும் மணலும் அவன் முகத்தில் அடித்துவிட்டன.

ஓடிப்போய் வால்வை மூடினேன். தீப்பிடிக்காதது எங்கள் அதிர்ஷ்டம். ரேடியோவின் இரண்டு கண்ணும் போய்விட்டன, அத்தான். ஹெலிகாப்டரில் ஏற்றும்போது "யாரு விளக்க அணைச்சது?" என்று கேட்டுக்கொண்டே போனான்.

உடைந்த துண்டை அளந்தார்கள். மூன்று மில்லிகூட இல்லை. மே 14-ல் நீங்கள் எழுதிய அளவைவிடவும் தேய்ந்திருக்கிறது. பாட்டரி என்று எழுதினீர்களே, மீட்டரைக் கட்டையில் வைத்துச் சரிபார்த்ததாகவும் எழுதியிருந்தீர்களே. எனக்கு ஒன்றும் புரியவில்லை. உடனே எழுதுங்கள்.

மச்சான்


கம்பெனி விடுதி, அறை 12
ஜூலை 9

அத்தானுக்கு,

நலமறிய ஆவல். பதினெட்டு நாளாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால் தவறியிருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்கு என்னைக் கூட்டி வந்து இந்த விடுதியில் வைத்திருக்கிறார்கள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தாயிற்று. ரேடியோவும் இதே ஊர் ஆஸ்பத்திரியில்தான். விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்து என் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். ஜூன் 3, ஏழாம் நம்பர், ஆறு புள்ளி ஒன்று, கீழே என் கையெழுத்து. "இது உங்க கையெழுத்தா?" ஆமாம். "அன்னிக்கு நீங்க மேடையில இருந்தீங்களா?" ஆமாம். "அப்புறம் என்ன?" என்றார் ஒருவர். மே மாதத்து அளவுத் தாள் ஃபைலிலேயே இல்லையாம்.

உங்கள் பெயரை நான் இன்னும் எடுக்கவில்லை. நீங்களே வந்து சொல்வதுதான் முறை என்று நினைத்தேன். பதினைந்தாம் தேதி உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். நடந்ததைச் சொன்னால் போதும். அன்றைக்கு என் அறைக்கு வாருங்கள். முதல் மாடி, படியேறியதும் இடது பக்கம்.

மச்சான்


கடல் மேடை
ஜூலை 18

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீ நலமாக இருக்க எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேலை நெருக்கடியில் எழுத முடியவில்லை, தப்பாக நினைக்காதே. விடுதிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? உனக்கு வயிறு சட்டென்று கெட்டுப்போகும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

பதினைந்தாம் தேதி வந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அன்றைக்கே திரும்ப வேண்டியிருந்ததால் உன்னைப் பார்க்க முடியவில்லை. நீ பதற்றப்படாமல் இரு. யாரிடமும் அதிகம் பேசாதே. பெரிய இடத்து விஷயம், தானாக ஆறிவிடும். நான் இருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். வாலு தபால் தலை கேட்டு அக்காவை அரித்துத் தின்கிறாளாம். என் பழைய கடிதங்களை உறையோடு அப்படியே அனுப்பிவிடு. மே மாதத்துக் கடிதங்களில் நல்ல தபால் தலைகள் ஒட்டினதாக ஞாபகம்.

ஆசிகளுடன்,
அத்தான்


கம்பெனி விடுதி, அறை 12
ஜூலை 24

அத்தானுக்கு,

என் வயிறு நன்றாக இருக்கிறது.

விடுதியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஜூலை 14, அறை 31, உங்கள் கையெழுத்து. ஜூலை 16 காலை வரை. இரண்டு ராத்திரி எனக்கு மேலே இரண்டு மாடி தள்ளிப் படுத்திருந்தீர்கள். காலையில் இந்தப் படி வழியாகத்தானே இறங்கியிருப்பீர்கள்? என் கதவு திறந்தே இருந்தது. பதினைந்தாம் தேதி முழுக்கத் திறந்தே வைத்திருந்தேன்.

நீங்கள் சொன்னதை நேற்று எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நாலே வரி. "மறுஅளவு அவர் பொறுப்பு. அந்தத் தாளை நான் பார்த்ததில்லை. கையெழுத்து அவருடையது. குடும்பத்துப் பையன் என்பதால் நம்பிவிட்டேன்." கடைசி வரியை அதிகாரி இரண்டு தடவை வாசித்தார். என் கையைப் பிடித்து இந்த வேலைக்குக் கூட்டி வந்தவர் நீங்கள். மீட்டரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். நீங்களா, அத்தான்?

வாலுவுக்குத் தபால் தலைகள் இத்துடன். பதினேழு இருக்கின்றன, நீரில் ஊறவைத்துக் கிழியாமல் எடுத்தேன். மே 14, மே 27 உறைகளை மட்டும் தொடவில்லை. தேதி முத்திரை அவற்றின் மேல்தான் இருக்கிறது. அந்த இரண்டு கடிதங்களையும் விசாரணையில் நான் இன்னும் கொடுக்கவில்லை. ஆகஸ்ட் பத்தாம் தேதி தீர்ப்பு எழுதுகிறார்கள். அதற்குள் நீங்களே போய்ச் சொன்னால், இவை இருப்பதே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

மச்சான்


வீடு
ஆகஸ்ட் 2

என் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இளைத்திருப்பாய். வாலு தினமும் மாமா எப்போது வருவார் என்று கேட்கிறாள். தபால் தலைகளைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறாள்.

அவருக்கு உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. நான்தான் எழுதுகிறேன். உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. மே மாதமே எனக்குத் தெரியும். காலண்டர் லைனை நிறுத்த வேண்டாம் என்று சொன்னதையும், செப்டம்பர் வரைக்கும் தாங்கும் என்று சொல்லிவிட்டதையும், அளவுத் தாளை ஃபைலிலிருந்து எடுத்துவிட்டதையும் எனக்கு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் எரித்துவிட்டேன். நீ கிளம்பும்போது சொல்ல வாய் வந்தது. சொன்னால் நீ நேரே போய்க் குதிப்பாய், அவர் வேலை போய்விடும். அதனால்தான் படிக்கட்டுப் பக்கம் நிற்காதே என்றேன். நீயாவது பிழைத்தாயே, அதற்குத் தினமும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு, தம்பி. இனிமேல் யார் வேலை கொடுப்பார்கள்? வழக்கு வந்தால் ஜெயில் என்கிறார். உனக்கு வயசு இருக்கிறது, தனி ஆள், நாலு கம்பெனி கூப்பிடும். கவனக்குறைவு என்று உன் பேரில் எழுதினால் இரண்டு வருடத்தில் மறந்துவிடுவார்கள். நீங்கள் இருவரும் எனக்கு இரண்டு கண்கள் மாதிரி. ஒன்றை நானே குத்திக்கொள்ளச் சொல்லாதே. அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடு. இந்தக் கடிதத்தையும்.

உன் அக்கா


கம்பெனி விடுதி, அறை 12
ஆகஸ்ட் 9

அத்தானுக்கும் அக்காவுக்கும்,

நலமா என்று கேட்க இந்தத் தடவை மனம் வரவில்லை.

அக்கா, இரண்டு கண்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டு என்னால் அறையில் உட்கார முடியவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இவ்வளவு நாள் போகாமல் இருந்ததற்கு வெட்கமாக இருந்தது.

ரேடியோவின் கட்டில் ஜன்னலோரம் இருக்கிறது. யாருக்காக ஜன்னலோரம் போட்டார்களோ. பக்கத்தில் அவன் மனைவி. நான் வாயே திறக்கவில்லை, "சின்ன சாரா? நடையிலயே தெரிஞ்சுது" என்றான். பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. ரேடியோ பேசாமல் இருந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"அளந்தது யாருன்னு ஆளுக்கொன்னு சொல்றாங்க சார். நீங்கதான்னு எழுதப் போறாங்களாம். நீங்களே சொல்லுங்க, நீங்களா?"

நான் பையிலிருந்து உங்கள் இரண்டு கடிதங்களையும் எடுத்து வாசித்தேன், அத்தான். காலண்டரின் முகத்திலிருந்து என் வெயில் வரை ஒரு வார்த்தை விடவில்லை. முதலில் சொல்லிவிட்டேன், வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு வைத்தது நான்தான், அந்தத் தப்பு என்னுடையது, அதை விசாரணையிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று. அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

"மொதக் கடுதாசி தேதி என்ன சார்?"

"மே பதினாலு."

போர்வைக்கு மேலே விரலை மடக்கி மடக்கி எண்ணினான். மனைவி ஏதோ சொல்ல வந்தாள், கையைக் காட்டி நிறுத்தினான்.

"முப்பத்தாறு நாள் சார். அதுல பதினேழு நாள் பெரிய சார் என்கூட அங்கதான் இருந்தாரு. அந்தப் படியில எனக்கு முன்னாடி ஏறியிருக்காரு, பின்னாடி ஏறியிருக்காரு. கடைசி நாள் ஹெலிகாப்டர் ஏறும்போது என் தோளைத் தட்டிட்டுப் போனாரு." அந்தத் தோளைத் தொட்டுக் காட்டினான். "அந்தப் பக்கம் போகாதடான்னு ஒரு வார்த்தை. நான் ஏன்னுகூடக் கேட்டிருக்க மாட்டேனே சார்."

எனக்குச் சொன்னீர்கள். ஆளுக்கொரு தடவை, அக்கறையாகச் சொன்னீர்கள். ஒருவர் பிரிக்காதே என்றீர்கள், ஒருவர் நிற்காதே என்றீர்கள். உங்கள் அன்பால் நான் பத்தடி தள்ளி நின்றேன். அவனை அங்கேயே விட்டுவிட்டு நின்றேன். எனக்குச் செய்த துரோகத்தையாவது நாள் போனால் விழுங்கிவிடலாம் என்று பார்த்தேன், அக்கா. நீ என்னைக் காப்பாற்றியது இருக்கிறதே, அதை விழுங்க முடியவில்லை.

கடிதங்களை அவன் மனைவி கையில் கொடுத்துவிட்டேன். உறையோடு. நாளைக் காலை அவளே விசாரணைக்குக் கொண்டு போகிறாள். என்னிடம் இருந்தவரை உங்களுக்காக யோசித்தேன். இப்போது அவை என்னுடையவை இல்லை. அக்காவின் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை, கிழிக்கவும் இல்லை.

எழுந்தபோது ரேடியோ என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டான். "ரெண்டு பேரும் ஒரே ஆளான்னு கிண்டல் பண்ணுவேன்ல சார். இல்லன்னு சொல்லத்தான் வந்தீங்களா?" என்றான். பிறகு தலையணையில் சாய்ந்துகொண்டு, "அந்த மொதக் கடுதாசிய மட்டும் இன்னொரு தடவ வாசிங்க சார்" என்றான். வாசித்தேன்.

லாக்கர் சாவி இத்துடன் இருக்கிறது. வாலுவுக்கு என் அன்பு.

தம்பி